பிழைத்துக்கொண்டால்

மார்ச் 4
நுரையீரல் வார்டில் இன்று ஆறு கட்டில் காலி. ஆறு பேரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். என் பதினேழு வருட நர்ஸ் வேலையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. புது மாத்திரை இவ்வளவு கேட்கும் என்று பெரிய டாக்டரே நினைக்கவில்லை. ஒன்பதாம் கட்டில் தையற்காரம்மாவின் ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்திருக்கிறது.

மார்ச் 5
அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப என் பொண்ணு?" என்றாள்.

இரண்டு வருடம் முன்பு, ஆறு மாதம் தாங்கமாட்டாள் என்றிருந்தபோது, மூன்று வயதுக் குழந்தையைத் தன் அண்ணனுக்கே தத்துக் கொடுத்தாள். பேனாவை அவள் கையில் வைத்தது நான். "உங்களுக்கப்புறம் குழந்தை அல்லாடக் கூடாதும்மா, இப்பவே முடிச்சிடுங்க." வார்டில் எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். வீடு யாருக்கு, குழந்தை யாருக்கு — சாவதற்கு வேண்டியதெல்லாம் நான் நீட்டிய ஆஸ்பத்திரிப் படிவத்தில் இருந்தது. பிழைத்துக்கொண்டால்? ஒரு வரி கிடையாது.

மார்ச் 9
எதிலும் மனசு ஒட்டவில்லை.

மார்ச் 19
அவளுடன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவங்க யாரு?" என்றது. தையற்காரம்மாதான் முந்திக்கொண்டாள்: "அத்தைடா கண்ணு. அப்பாவோட தங்கச்சி."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று.

"எனக்காக ஒரு தடவை அழுது முடிச்சிருப்பா சிஸ்டர். மறுபடி எதுக்கு அவளை அழ வைக்கணும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், படிவத்தை மாற்ற வேண்டும் என்றேன். "என்ன நடக்கும்னே தெரியாததுக்கு எப்படிம்மா தயாராகறது?" என்றார் நிர்வாகி.

"தெரியாததாலதான் சார். திருப்ப முடியாத கையெழுத்தை நாம அவசரப்பட்டு வாங்கிடறோம்."

"வீண் ஆசை காட்டற மாதிரி ஆயிடாதா?"

அதுவும் நியாயம்தான். ஆனாலும் உட்காரவில்லை நான். தையற்காரம்மாவின் கதையை முழுக்கச் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து.

மே 20
புதுப் படிவம் வந்துவிட்டது. தத்துக்குப் பதில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு வருடப் பொறுப்பு. வருடா வருடம் புதுப்பிக்கலாம். கடைசியில் ஒரு கேள்வி: 'குணமானால் எங்கே, யாருடன் இருக்க விருப்பம்?' பாதிப் பேர் காலியாக விடுகிறார்கள். யோசித்துப் பழக்கமில்லை, பாவம்.

ஜூன் 14
செவ்வாய்க்கிழமைகளில் தையற்காரம்மா வார்டுக்கு வந்து படிவம் நிரப்ப உதவுகிறாள். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்தாள். இன்று ஒரு சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி, தத்தே கொடுத்துவிடுகிறேன் என்று அழுதுகொண்டே பேனாவை எடுத்தாள். தையற்காரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பார்த்துக்கச் சொல்லும்மா. குடுத்துடாதே."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களாக்கா?" என்று கேட்டாள்.

"அண்ணன் பொண்ணு ஒருத்தி இருக்கா," என்றாள்.