சாமை வயலுக்குக் குறுக்கே

புரட்டாசி 3, வியாழன்

காலை முழுவதும் மஞ்சு மூட்டம். எதிர்ச் சரிவு தெரியவில்லை. துணி காயவில்லை. காப்பிப் பொடி இன்னும் இரண்டு நாளைக்கு.

சாயங்காலம் புல்வெளியில் கோல்ஃப். ஆறே குழி. ஆறாவதுதான் வம்பு. பாறை மேலிருந்து அடிக்க வேண்டும். நடுவில் பொன்னனின் சாமை வயல். அதற்கு அப்பால் குழி. வயலுக்குக் குறுக்கே ஒரே அடி. பலாமரத்தைச் சுற்றிப் போனால் இரண்டு.

வயலில் விழுந்த பந்து போனதுதான். பொன்னன் வைத்த சட்டம். "கதிரு நிக்கறப்ப செருப்புக் காலு உள்ள வெக்கப்படாதுங்க. அறுப்பு முடியட்டும், நானே பொறுக்கித் தாரேன்." எஸ்டேட் துரையே தலையாட்டிவிட்டார். சீமையில் அச்சான விதிப் புத்தகத்துக்குத் திருப்புலி நாட்டில் ஒரு திருத்தம். எனக்கென்னவோ இதில் பெருமை.

ரா. இன்று நான்கு பந்து தொலைத்தார். (கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கே முதலெழுத்து வரை வந்திருக்கிறேன்.) எஸ்டேட் டாக்டர். நோயாளியிடம் அவ்வளவு நிதானம். மட்டையைத் தொட்டால் வேறு ஆள். மரத்தைச் சுற்றிப் போகலாமே என்றேன், சிரித்தார்.

"சுத்திப் போறதுக்கு மாட்டு வண்டி போதுமே, மட்டை எதுக்கு?"

"வண்டி ஊடு போய்ச் சேருமுங்க."

புரட்டாசி 4

வெயில். ஊறுகாய் ஜாடி வெளியே.

ஞாயிறு ஜோடி ஆட்டம். நாங்கள், எதிரே துரையும் துரைசானியும். மலையில் ஆடுகிற ஜோடி வேறு இல்லை. ஜெயித்தவர்கள் மார்கழியில் ஏற்காட்டுக்குப் போய் ஆடலாம். கல்யாணமாகிப் புளியஞ்சோலைப் பாதையில் ஏறி வந்தவள், இன்னும் ஒரு தடவை இறங்கவில்லை. ஏற்காடு வேண்டும். மிகவும் வேண்டும்.

ஜோடிக்கு ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். அவர் அடித்து விழுந்த இடத்திலிருந்து நான். பட்டணத்தில் பி.ஏ.வுக்குப் படித்த எந்தப் புத்தகமும் கல்யாணத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஆறாம் குழியின் முதல் அடி யாருக்கு? எனக்கென்றால் சுற்றித்தான் போவேன்.

"ஆறாவத எனக்குக் குடுத்துரு கண்ணு."

கொடுத்தேன். கொடுத்துவிட்டு ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

புரட்டாசி 6, ஞாயிறு

மஞ்சு இல்லை. காற்று. பச்சை நூல் சேலை, இழுத்துச் சொருகி. எங்கள் பந்தில் சிவப்பு மைப்புள்ளி, நான் வைத்தது. வேலியோரம் தோட்டத்துப் பெண்கள்.

"டாக்டரூட்டம்மா சீலையச் சொருகீட்டு வந்துட்டாங்கடி!"

"தொரைசானி இன்னிக்கு ஒழிஞ்சாங்க போ!"

ஐந்து குழி முடிந்து சமம். ஆறாவது. ரா. பாறை மேல் ஏறினார். வயலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பெரிய மட்டையைக் கீழே வைத்தார். சின்னதை எடுத்தார். பலாமரத்துப் பக்கம் ஒரு தட்டு. அவ்வளவு அடக்கமாக அவர் அடித்து நான் பார்த்ததில்லை.

"இதென்னடி, டாக்டரய்யா மாத்திரை குடுக்கறாப்பல!"

அடக்கம் அதிகமாகிவிட்டது. பந்து மரத்தைத் தாண்டவில்லை. துரையும் சுற்றித்தான் அடித்தார். ஆனால் துரைசானியின் அடி குழிக்கு ஒரு முழத்தில் போய் நின்றது. இனி நாங்கள் சுற்றிப் போனால் தோல்வி நிச்சயம். வயலின் மேலாக அடித்தால் ஒரு வழி உண்டு. என் முறை.

"ஏனுங்க, குறுக்க அடிக்கட்டுங்களா?"

"நீயா?"

"நாந்தானுங்க."

பெரிய மட்டையை எடுத்து நீட்டினார்.

அடித்தேன். கையில் அதிர்வே இல்லை. என் பந்து இவ்வளவு தூரம் போனதே இல்லை. எல்லாரும் அண்ணாந்து. பிறகு, சாமைக்குள்.

தோற்றோம். துரைசானி கைதட்டினார். ஏற்காடு இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், பசி வந்தது. களி, இரண்டு உருண்டை.

புரட்டாசி 7

தூறல். ஜாடி உள்ளே.

தோட்டம் முழுக்க என் அடிதான் பேச்சு. ரா.வே சொல்லித் திரிகிறார். மருந்து வாங்க வந்தவர்களிடம்கூட. எனக்குள் ஓடுவது, எனக்காக அவர் அடக்கி அடித்த அந்தக் குட்டைத் தட்டு. அதில்தான் எனக்குப் பெருமை. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும்.

ஐப்பசி 11

மழை விட்டது. சாமை அறுப்பு முடிந்தது. பொன்னன் முறத்தில் பந்துகளோடு வந்தார்.

"டாக்டரய்யா வெதச்சது நல்லா வெளஞ்சிருக்குதுங்க."

எல்லாவற்றிலும் நீலப் புள்ளி, ரா.வின் அடையாளம். ஒன்றில் மட்டும் சிவப்பு, பாதி அழிந்து.

"இது எங்க கெடந்துச்சு?" ரா. கேட்டார்.

"அக்கரை வரப்போரமுங்க. ஒரு சாண் போயிருந்தா வெளிய. உங்குளுது எல்லாம் நடு வயலோட சரிங்க."

ரா. அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஒரு சாண்! கேட்டியா, ஒரு சாண்!" மருந்து கட்டுகிற ஆளைக் கூப்பிட்டு அவரிடமும். சிவப்புப் புள்ளிப் பந்தைத் தன் மேஜைக்குக் கேட்டார். தரவில்லை.

வயல் இப்போது அறுத்து நிற்கிற வெறும் தாள். விழுந்தாலும் நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். அங்கே அடிப்பதில் ருசியே போய்விட்டது என்கிறார்.

எனக்கும்.