ஏழாவது கடிதத்தை என் மகள் வாசித்தாள்

அலமாரியின் மேல் தட்டிலிருந்து நீ தமிழில் எழுதிய கதை இருக்கும் பெரிய சி.ஆர். கொப்பிகளை இறக்கினேன். பூச்சி உருண்டை வாசனை இன்னும் போகவில்லை. சேலைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்ததாகச் சொல்லித்தானே என்னிடம் தந்தாய். நானும் இரண்டு வருடமாக ஒளித்துத்தான் வைத்திருந்தேன். டைப் செய்து தருகிறேன் என்று உன் கடைசி நாட்களில் கட்டிலருகில் உட்கார்ந்து சொன்ன வாக்கை நான் காப்பாற்றவில்லை. சோம்பல் இல்லை. வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் அந்தக் கதையைத் திறந்து வைக்கப் பயம். இந்த வாரம் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்ததால் திறந்தேன்.

நுவரெலியாவில் பழைய பங்களாவை ஹோட்டலாக்கிய இடத்தில் நீ வரவேற்பு மேசையில் இருந்த காலம். பிரெஞ்சு விருந்தாளிகளுக்காகப் படித்த மொழி உன் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டது. யாரோ அறையில் விட்டுப்போன, அட்டை இல்லாத நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒருநாள் ஹட்டனில் என் போட்டோகொப்பிக் கடைக்கு வந்தாய். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் இப்படி ஒரு வகை நாவலே இருந்ததாம். ஒழுக்கம், கோயில், குடும்பம் எதற்கும் கட்டுப்படாமல், பெண்களை மயக்குவதையே வேட்டையாக வைத்திருந்த பிரபுக்களின் கதைகள். உன் கையில் இருந்ததில், கோடையைக் கழிக்க ஒரு சிற்றூருக்கு வந்த பிரபு, இறந்துபோன கடிகாரக்காரரின் விதவை மனைவி வளர்த்த ஒரே மகளை எப்படி வளைத்தான் என்று தன் நண்பனுக்குக் கடிதம் கடிதமாக எழுதுகிறான்.

"இதைத் தமிழில் எழுதப் போறேன்" என்றாய்.

"உனக்கென்ன பைத்தியமா புள்ள? யாரு வாசிப்பா? கல்லெறிவாங்க" என்றேன்.

"நீ பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தாய். அது உண்மைதான்.

உன் விருந்தாளிகளிடம் நீ அந்த நாவலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாய். வயதான தம்பதி, என்ன மொழி, என்ன கூர்மை, அந்தக் காலத்திலேயே பாதிரியாரையும் ராஜாவையும் கிண்டல் செய்த துணிச்சல் என்று உருகினார்களாம். இளம்பெண் ஒருத்தி, இப்படிப்பட்டவனை இன்றைக்கு ஜெயிலில் போடுவார்கள், இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படிப்பிக்கிறார்களே என்று முகம் சிவந்தாளாம். சுதந்திரம் என்று ஒருவர், குப்பை என்று ஒருவர். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து என்னிடம் கொட்டுவாய். நான் கடை வாசலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகப் பேசு என்பேன்.

பிறகு டிக்கோயாவில் உன் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில், குழந்தைகள் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை. தொட்டில் சேலைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டு, கொழுந்து எடுக்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நீ வாசித்தாய். யாராவது எழுந்து திட்டிவிட்டுப் போவார்கள் என்று கதவோரமாகவே உட்கார்ந்திருந்தேன். நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. ஏழாவது கடிதத்தில் பாக்கியம் அக்கா எழுந்து நின்றார். அவருடைய மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள்.

"இந்தக் கடுதாசிய எவன்கிட்ட இருந்து புடிச்சீங்க? அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? பத்து வயதிலிருந்தே, எழுத்துத் தெரியாதவர்கள் நிறைந்த அந்த லயத்து வீடுகளுக்கு வருகிற கடிதங்களையெல்லாம் நீதானே வாசித்துக் காட்டினாய். கொழும்பிலிருந்து, குவைத்திலிருந்து, இந்தியாவிலிருந்து. நீ வாசித்தால் அது எங்கோ உயிரோடு இருக்கிற ஒருவருக்கு நடந்தது என்றுதான் அர்த்தம்.

"கதைதான்க்கா. இருநூறு வருஷத்துக்கும் முந்தின கதை. வேற நாடு."

"எந்த நாடா இருந்தா என்னா? புள்ள தப்பிச்சிச்சா?"

நீ கொப்பியை மூடினாய். முடிவு உனக்குத் தெரியும். "இன்னும் வாசிக்கலக்கா" என்று பொய் சொன்னாய். என்னோடு பஸ்ஸுக்கு நடந்து வந்தாய். பாலத்தருகில் நின்று சொன்னாய்: "நானும் சேர்த்து இத்தனை பேரும் அந்தப் பிரபுவப் பத்தியே சண்டை புடிச்சோம். பாக்கியக்கா ஒருத்திதான் அந்தப் புள்ளையத் தேடினா."

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை மாலை மகளின் போன் கடையில் சார்ஜில் கிடந்தது. நீ தூக்கி வளர்த்தவள், இப்போது பதினேழு. திரை வெளிச்சமானது. "நீ மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லை. உன் அம்மாவுக்கு உன்னைப் புரியாது. எனக்குப் புரியும்." அனுப்பியவர் அவளுடைய டியூஷன் மாஸ்டர். கல்யாணமானவர். என் கடையில்தான் வினாத்தாள் பிரதி எடுப்பார்.

அந்த வார்த்தைகளை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. உன் குரலில்தான் கேட்டிருந்தேன், அந்தப் பிள்ளையை வளைக்கப் பிரபு சொன்னதாக, ஏழாவது கடிதத்தில். அதிலேயே பிரபு நண்பனுக்குச் சொல்கிறான்: விஷயம் தெரிந்ததும் தாய் கத்துவாள், அடிப்பாள், பூட்டி வைப்பாள், அதன் பிறகு மகள் தானாகவே என்னிடம் வருவாள். கத்தி, அடித்து, போனைப் பிடுங்கத்தான் நானும் எழுந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னை எவனோ முன்பே எழுதி வைத்துவிட்டான் என்ற பயத்தை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்? இவளுடைய அப்பா கத்தாரில். புதன்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. காட்டினால் கெட்டுப்போவாளோ, காட்டாவிட்டால் போய்விடுவாளோ என்று கொப்பியை மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் மழை. கடையில் ஆள் இல்லை. "எனக்குக் கண்ணு எரியுது. ஆன்ட்டியோட கொப்பிய நீ வாசி, நான் டைப் பண்றேன்" என்றேன். வாசித்தாள். முதல் கடிதத்துக்குச் சிரித்தாள். மூன்றாவதில் "ச்சீ, என்னா மனுசன் இவன்" என்றாள். ஏழாவதில் குரல் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். 'உன் அம்மாவுக்கு உன்னைப் புரியாது' என்ற வரியை அவள் மறுபடி ஒருமுறை, மெதுவாக, தனக்கே வாசிப்பது போல் வாசித்தாள்.

"அம்மா, இந்தப் புள்ள தப்பிச்சிச்சா?"

நீ சொன்ன பொய் என் வாயிலும் வந்தது. விழுங்கிவிட்டேன். "இல்லம்மா. அவளுக்கு இதையெல்லாம் யாரும் வாசிச்சுக் காட்டல."

கொப்பியை மேசையில் வைத்தாள். போனை எடுத்தாள். பிறகு அதே குரலில், கடிதம் வாசிக்கிற அதே குரலில், மாஸ்டர் அனுப்பியவற்றை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். "டைப் பண்ணுங்கம்மா" என்றாள். நான் அடித்தேன். எழுத்துப் பிழை எத்தனை வந்தது என்று தெரியாது. கடைசியில் வந்ததைக் கேட்டபோது என் விரல் நின்றுவிட்டது. "சனிக்கிழமை நுவரெலியா போவோம். அம்மாவிடம் எக்ஸ்ட்ரா கிளாஸ் என்று சொல்." அவள் அதற்கு, சரி சேர், என்று பதில் போட்டிருந்தாள். அதையும் மறைக்காமல் வாசித்தாள். வாசித்துவிட்டுத்தான் அழுதாள்.

இன்று சனிக்கிழமை. உனக்கு இதைக் கடையில் இருந்துதான் எழுதுகிறேன். மகள் பக்கத்தில் மெஷினில் பேப்பர் போடுகிறாள். அச்சடித்த பக்கங்கள் என் பையில் இருக்கின்றன. திங்கட்கிழமை பொலிஸுக்குப் போகிறோம், அவளும் வருகிறேன் என்றாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. நுவரெலியா பஸ் ஹோர்ன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி அவள் இருக்கிறாளா என்று பார்க்கிறேன். அவன் கடைக்கே வந்து நின்றால் என்ன செய்வேன்? ஊர் என்ன பேசும்? அடுத்த சனிக்கிழமை? "பயப்படுறதுன்னா சத்தமா பயப்படு" என்று நீ என்னைத் திட்டுவாய். அது ஒன்றைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

காலையில் பாக்கியம் அக்கா அடையாள அட்டை பிரதி எடுக்க வந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பதைத்தான் இன்றும் கேட்டார். நீ போன பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. எத்தனை தடவை கதை என்று சொன்னாலும் அவர் நம்பியதில்லை.

"அந்தக் கடுதாசிப் புள்ள என்னாச்சு?"

மெஷினருகில் மகள் அப்படியே நின்றாள்.

"இன்னைக்கி அம்மா பக்கத்துலதான் இருக்குக்கா" என்றேன்.