ராட்டினத்தில் ஏற்றிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரகடத்தில் என் மகள் வேலை பார்க்கும் கார் தொழிற்சாலையில் குடும்ப தினம். கண்ணாடிக்கு அப்பால், கதவும் சக்கரமும் இல்லாத ஒரு கார் பாடியை அந்தரத்தில் தலைகீழாகப் புரட்டிக் காட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாப்பா ஆச்சு, பிரஷரா?" என்று மகள் பதறினாள். அவளிடம் என்ன சொல்வேன்? நண்பா, நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

தொண்ணூற்று ஒன்றில் இதே வேலைக்கு நம்மிடம் என்னடா இருந்தது? வல்லக்கோட்டை சாலையில் உன் வெல்டிங் பட்டறை, துருப்பிடித்த போர்வெல் குழாய்கள், காயலான் கடையில் பொறுக்கிய டிராக்டர் பேரிங் இரண்டு. கல்யாண சவாரி ஓட்டலாம் என்று நீ வாங்கிய பழைய காரின் அடித்தகடு அப்பளமாய் இற்றிருந்தது. மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்தால் பொறி முகத்தில் விழும். "வண்டியவே பொரட்டிடலாம்டா" என்றாய். பாடியை முன்னும் பின்னும் பிடித்துச் சுழல விடும் தாங்கி ஒன்றைச் செய்தோம். ராட்டினம் என்று நீதான் பேர் வைத்தாய். அது சுழலாமல் நிற்க, நல்ல போல்ட் வாங்காமல், துளையில் கடப்பாரையைச் சொருகினோம். அந்தக் கஞ்சத்தனம் என்னுடையது.

முதன்முதலாகப் புரட்டும்போது பூஜை போடாமல் இருப்போமா? கல்யாணமாகி ஆறு மாதமே ஆன உன் மனைவி கற்பூரத் தட்டோடு வந்தாள்.

"சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்த எங்க வெக்கிறது?"

"தரையில வெய்யி, வண்டியே குனிஞ்சி நசுக்கிக்கும்" என்று கிண்டலடித்தாய்.

வைத்த பழம் பாடிக்கு அடியில் உருண்டது. அதை எடுக்க நீ அந்தப் பக்கமாக நுழைந்ததை நான் பார்க்கவில்லை. "அண்ணா, ராகு காலம் பொறக்கப் போவுது, சீக்கிரம்!" என்றாள் அவள். நான் கடப்பாரையை உருவினேன்.

நடுவை டேப் வைத்து அளந்தோமே தவிர, கனம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பாடி ஒரே வீச்சில் கவிழ்ந்தது. அப்போதுதான் உன் கால் தெரிந்தது. "படுடா!" என்று கத்தினேன். காரின் கூரை உன் முதுகுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. வெளியே வந்த உன் வாயெல்லாம் மண்.

"கடப்பாரை நழுவிடுச்சிடா" என்றேன். சீ, என்ன வாய் என் வாய்! பார்க்காமல் உருவிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நீ என்னைக் கட்டிக்கொண்டு, "நீ கத்தலன்னா இன்னிக்கி நான் காலிடா" என்றாய். அதையே ஊரெல்லாம் சொன்னாய். உன் பிள்ளைகளின் காதுகுத்தில் சொன்னாய், சவாரி ஏறியவர்களிடம் சொன்னாய். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொழிற்சாலையிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியின் எதிரில் உட்கார்ந்து, அன்று உருவியது நான்தான் என்று சொல்லி அழுதேன். அவள் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"தெரியும்ணா. நீங்க உருவுனத நான் பாத்துக்கினுதான இருந்தேன். அன்னிக்கே அவருகிட்ட சொல்லிட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"'நீ இத வாயத் தொறந்து கேட்டுடாத. கேட்டா அவன் இந்தப் பக்கமே வரமாட்டான். எனக்கு அவன் வோணும்'னாரு."

அடப்பாவி! முப்பது வருஷத்துக்கு மேல் தெரிந்துகொண்டேவா என்னை ஊர் முன்னால் தூக்கிவைத்துப் பேசினாய்? ஒரு தடவை சட்டையைப் பிடித்துத் திட்டியிருக்கக் கூடாதா? நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. எங்கே போனாலும் நீ சொன்ன அந்த வார்த்தைதான் கூடவே வருகிறது. யாரிடம் போய் நான் பதில் சொல்வேன்?

எனக்கும் நீ வோணும்டா.