உன் இடது காதின் படம்

இன்று காலை தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை ஸ்கேன் மேசையில் படுக்கவைத்தேன். தலையைச் சரிசெய்யக் குனிந்தபோது, பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாடை அவள் காதிலிருந்து வந்தது. உடனே நீ என் ஞாபகத்துக்குள் வந்துவிட்டாய். சொல்லிவிட்டு வரும் பழக்கம்தான் உனக்கு என்றைக்குமே கிடையாதே.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்குக் காது வலித்தாலும் அந்த எண்ணெய்தான் மருந்து. உனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ். எண்ணெயை ஊற்றிப் பஞ்சை அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாய். வாடை தாங்காமல் மற்றப் பிள்ளைகள் தள்ளி உட்காருவார்கள். நான் மட்டும் பக்கத்தில் உட்காருவேன். பெரிய மனசெல்லாம் இல்லை, உன் கணக்கைப் பார்த்து எழுதத்தான். சீழ் நின்றுவிட்டால், "காது காஞ்சிருச்சு புள்ள, நல்லாயிருச்சு" என்பாய். வெளியே காய்ந்தால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று தோட்டமே நம்பியது. நானும் நம்பினேன்.

பிறகு நான் படித்து இந்த வேலைக்கு வந்தேன். நீ தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா ஆனாய். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளை வரிசையாகச் சேலைத் தொட்டில்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வேலையில் சேர்ந்த பிறகு நீ கொஞ்சம் சதைபோட்டு, முகம் தெளிந்து, நன்றாக இருந்தாய்.

தலைசுற்றல் வந்த பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். நான் தோட்டைக் கழற்றச் சொன்னேன். உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழுந்து எலும்பை மறைத்துவிடும். நீ மேசையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"எங்க வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கையில நான் மூளிக் காதோட கெடக்கவா? வேற ஆளப் பாரு."

"கொஞ்ச நேரந்தான்டி."

"அந்தக் கொஞ்ச நேரத்துல அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?"

வெளியே சனம் காத்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு உன்னைத் தோட்டோடு சேர்த்து மெஷினுக்குள் தள்ளியிருப்பேன். அப்போதுதான், தோடு இல்லாத நாட்களில் நம் அம்மாமார் காதில் ஈர்க்கு செருகிக்கொண்டு வேலைக்குப் போனது ஞாபகம் வந்தது. ஸ்டோரிலிருந்து புது விளக்குமாறு ஒன்றை வாங்கிவந்து, ஈர்க்கை உருவிக் கழுவி, ஒடித்து இரண்டு காதிலும் செருகினேன். கண்ணாடி கேட்டாய். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் எடுப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிப் படுத்தாய்.

சம்மட்டி, பட்டடை, அங்கவடி என்று காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் உண்டு. நல்ல காதுப் படத்தில் முதல் இரண்டும் சேர்ந்து ஐஸ்கிரீம் கோன் மாதிரி தெரியும். உன் வலது காதில் கோன் அழகாக இருந்தது. இடது பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாக அடைத்துக் கிடந்தது. பட்டடையில் பாதியைச் சீழ் அரித்துவிட்டிருந்தது. அங்கவடியைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை. காதுக்கும் மூளைக்கும் நடுவிலிருக்கும் எலும்பு காகிதமாக மெலிந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ ஆடாமல் அசையாமல் படுத்திருந்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் சிங்களத்தில் சொன்னதை உனக்குச் சொன்னேன். ஆபரேஷன் செய்யாவிட்டால் சீழ் மூளைக்குப் போகலாம். செய்தாலும் அந்தக் காது கேட்கும் என்று நம்ப முடியாது. நீ ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாய்.

"ஒத்தக் காதுதான் கேக்குதுன்னு தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா என்னைய மலைக்கு அனுப்பிருவாங்க. இந்தத் தலைசுத்தலோட கொழுந்தெடுக்கப் போனா நான் உருண்டுதான் வரணும்."

"புள்ள பாக்க ஒரு காது போதும்டி."

"போதாது. அழுவுறது கேக்குது. எந்தத் தொட்டில்லன்னு தெரிய மாட்டேங்குது. ரொம்ப வருசமா இப்படித்தான். யாருகிட்டயும் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. கண்டியில் ஆபரேஷன் நடந்தது. சீழ் நின்றது, இந்தமுறை உண்மையாகவே. தலைசுற்றலும் போனது. அந்தக் காது மட்டும் கேட்கவேயில்லை. பிள்ளைக்காம்பராவுக்கே மறுபடி போனாய். எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினாய்.

போன மாதம் மார்வலியில் போய்விட்டாய். அதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், செய்தி கேட்டதும் எனக்கு அந்தப் படம்தான் கண்ணுக்குள் வந்தது. உன் வீட்டு வாசலில் தாய்மார் கூடியிருந்தார்கள். மகளை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்:

"ஒரு புள்ள அழுதா போதும், ஆயம்மா வரிசையா எல்லாப் புள்ளைங்க நெஞ்சுலயும் கைவச்சுப் பாப்பாங்க. அன்னைக்கு அழுதது பக்கத்துத் தொட்டிலு. எம்மக சத்தமே இல்லாமக் காய்ச்சல்ல கொதிச்சுக் கெடந்திருக்கா. அவங்க கை வச்சதாலதான் இன்னைக்கு இது இருக்கு. யாரு பெத்த புள்ளைங்க மேலயோ அம்புட்டுப் பாசம்."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அழுகிற தொட்டில் எதுவென்று தெரியாமல்தான் நீ ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாய் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இனி எந்தத் துரையாலும் உன்னை மலைக்கு அனுப்ப முடியாது, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டதற்காக மட்டுமல்ல, அவர்கள் சொன்ன காரணமும் பொய்யில்லை என்பதால்.