சந்தனம் மறைத்த எண்

அக்டோபர் 11, 2024

ஆயுத பூசை. வில்லியனூர் லாரி ஆபீசில் பதினோரு வருஷமாக கிளார்க் நான். ஆசிட் டேங்கர்களுக்கு அலங்காரமும் என் பொறுப்புதான். எல்லா இடத்திலும் பொட்டு வைத்த பிறகு முன்னும் பின்னும் சரக்கின் எண் எழுதிய அந்த ஆரஞ்சுப் பலகைகள் மட்டும் மூளியாகத் தெரிந்தன. கை நிறையச் சந்தனம் எடுத்து அப்பிவிட்டேன். "அக்கா, நம்பரு மறையுது," என்றான் டிரைவர் கலைவேந்தன். "சாமிக்குத் தெரியும்டா, போ," என்றேன்.

அக்டோபர் 14

கலைவேந்தனின் வண்டி குருவிநத்தம் வளைவில் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. அவன் ஆஸ்பத்திரியில், மயக்கத்தில். உயிருக்குப் பயமில்லையாம். வேறெதுவும் எழுத ஓடவில்லை.

அக்டோபர் 15

தீயணைப்பு அதிகாரி அரிகரன் வந்து நடந்ததைச் சொன்னார். டேங்கர் மூடி வழியாக வெள்ளைப் புகையோடு ஏதோ ஒழுகியிருக்கிறது. டிரைவரை அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சரக்குக் காகிதங்கள் புகை சூழ்ந்த கேபினுக்குள். என்ன சரக்கு என்று ஒருவருக்கும் தெரியாமல், ஊரே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றக் கிளம்பியிருக்கிறது. ஊற்றியிருந்தால் அத்தனையும் பக்கத்து வாய்க்காலில் இறங்கியிருக்கும். ஊரிலிருந்து போன் செய்தவரிடம் அரிகரன் கேட்டது ஒன்றுதான்: "ஆரஞ்சுப் பலகையில இன்னா நம்பரு?"

பலகையில் சந்தனம்.

என் சந்தனம்!

களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த பவுனம்மாள் என்ற அம்மாள் முந்தானையை நனைத்து மூக்கை மூடிக்கொண்டு, காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், பலகையைத் தேய்த்துத் துடைத்திருக்கிறாள். திரும்பி வந்து போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாளாம்: "ஒண்ணு. ஏழு. எட்டு. ஒம்பது."

நான்கே எண். அதைக் கேட்டதும் அரிகரன் தீயணைப்பு நிலையத்தில் இருந்தபடியே, அது என்ன ஆசிட், எவ்வளவு தூரம் விலக வேண்டும், தண்ணீர் ஊற்றாமல் மண்ணால் அணை போட வேண்டும், எல்லாம் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் அந்த எண்ணைத் தாளில் எழுதியவள் நான். அதற்குள் இவ்வளவு இருக்கிறதா? அவர் போன பிறகும் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 16

விபத்து அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். பலகை ஏன் மறைந்திருந்தது என்று போலீஸ் கேட்கிறது. "டிரைவர் கவனிக்கலன்னு எழுதும்மா. உனுக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றார் முதலாளி சிவப்பிரகாசம். அப்படி எழுதினால் கலைவேந்தனின் லைசென்ஸ் போகும். உண்மையை எழுதினால் என் வேலை. இரண்டு தாளைக் கிழித்தேன். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 17

குருவிநத்தம் போய்ப் பவுனம்மாளைப் பார்த்தேன். என் தோளுயரம்கூட இல்லை. வலக்கை விரல்களில் ஆசிட் பட்டுத் தோல் உரிந்து மருந்து போட்டிருந்தது.

"பயமா இல்லையாம்மா?"

"பயம் இல்லாம? வாய்க்கா பக்கத்துல போவுதே, இன்னா பண்றது?" பிறகு சிரித்தாள். "எவளோ புண்ணியவதி அப்பி வெச்சிருந்தா பாரு சந்தனத்த! தேய்க்கத் தேய்க்கப் போவல."

"நான்தாம்மா அது."

சிரிப்பு நின்றது. "ரிப்போட்டு எழுதுறவங்க கையில சொன்னியா?"

"எழுதுறதும் நான்தான்."

"அப்பறம் இன்னா? உன் கையி நல்லாத்தான கீது. எழுது."

அக்டோபர் 18

எழுதினேன். 'பலகைகளைச் சந்தனத்தால் மறைத்தவள் விஜயராணி, அலுவலக எழுத்தர். ஓட்டுநர் எச்சரித்தார். நான் கேட்கவில்லை.' போலீஸ் ஸ்டேஷனில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 21

நாளையிலிருந்து வர வேண்டாமாம். சரி.

அக்டோபர் 1, 2025

திருக்கனூர் நெல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. இன்று ஆயுத பூசை. மதியம் வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் கலைவேந்தன், டேங்கரோடு! மாலை, வாழைக்கன்று, எல்லாம் கட்டியிருந்தான். ஆரஞ்சுப் பலகையை மட்டும் கழுவித் துடைத்திருந்தான்; கறுப்பு எண்கள் வெயிலில் பளிச்சென்று இருந்தன.

"அக்கா, நீதான் பொட்டு வெக்கணும்," என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினான்.

சக்கரத்துக்கு வைத்தேன். பலகைக்கு முன்னால் வந்து கைகூப்பிக் கும்பிட்டேன். தொடவில்லை.