ஆடும் பல்

5.8.1965, மாட்டுங்கா

படுத்த பிறகும் கோபம் அடங்காமல் எழுந்துவிட்டேன். மாநிலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று மதிப்பிடும் வேலைக்காக, சூப்பர்வைசரோடு இன்று தாராவிக்குப் போயிருந்தேன். தோல் பட்டறைக்குப் பின்னால் ஒரு வீட்டில் பெண் குழந்தையை எடை பார்த்துவிட்டு, தாயிடம் வயதைக் கேட்டேன்.

"வார ஆவணியில ஆறு முடியுதுய்யா."

நான் இந்தியில் சொன்னதைச் சூப்பர்வைசர் நம்பவில்லை. "என் பேரனுக்கு நாலு வயசு. இவ அவன் உசரம்தான் இருக்கா. நாலுன்னே போடும்" என்றார் என்னிடம்.

அந்தப் பெண் மகளின் வாயைத் திறந்து, கீழ்ப்பல்லை விரலால் அசைத்துக் காட்டினாள். "பல்லு ஆடுது, பாருங்க. நாலு வயசுல ஆடுமா?"

"எங்கயாவது விழுந்திருப்பா" என்று அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

நாலு வயதுக்கு அந்த எடை சரியாக இருக்கிறதாம். அதனால் அவள் நல்ல ஊட்டமுள்ள குழந்தையாம். வயிறு காய்ந்து வளராமல் போன பிள்ளைகளுக்கெல்லாம் இப்படி வயதைக் குறைத்துக்கொண்டே போனால், இந்த மாநிலத்தில் பசித்த குழந்தை ஒன்றுகூட மிஞ்சாது. மதிப்பீட்டை அச்சடித்து, மேலே இருக்கிறவர்கள் கைகுலுக்கிக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வரவேண்டிய பால் பவுடர் வேறு எங்காவது போகும்.

அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். தமிழ்க்காரன், நியாயம் கேட்பான் என்று நினைத்திருப்பாள். நான் நாலு என்றே எழுதிக்கொண்டு அவர் பின்னால் போனேன். இப்போது கேட்கத் தோன்றுகிறது, இந்த நேரத்தில் யாரிடம் பேச?

காலையில் ஆபீஸில் எல்லார் முன்னாலும் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

உங்கள் பேரனுக்குப் பல் ஆடுகிறதா சார்?