இரட்டிப்பாக வந்த விடை

மடுல்சீமை
13.12.1999

அன்பு மகள் கேசினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், நீயும் கனடாக் குளிரில் சுகமாக இருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறையவில்லை. இங்கே ஒரு கிழமையாக விடாத மழை.

நீ போகும்போது தந்த கல்குலேற்றரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிள்ளைகளின் நிறையைப் பார்த்து மருந்துக்குக் கணக்குப் போடுவது அதில்தான் என்று உனக்குத் தெரியும். போன செவ்வாய் காலை, தொழிலாளர் குடியிருக்கும் மூன்றாம் லயத்து இராக்கம்மா தன் இரண்டு வயது மகளுக்கு மூச்சிழுப்பென்று தூக்கிக்கொண்டு வந்தாள். நிறுத்து, கணக்குப் போட்டு, பாணி மருந்தைச் சின்னப் போத்தலில் அளந்து, வீட்டில் ஒரே தடவையாகக் கொடு என்று அனுப்பினேன். அடுத்த பிள்ளைக்குப் போட்டபோது விடை பெரிதாகத் தெரிந்தது. பென்சிலால் போட்டேன், பாதிதான் வந்தது. இராக்கம்மா பிள்ளையுடையதையும் போட்டேன். அதுவும் பாதி. குடை எடுக்காமல் லயத்துக்கு ஓடினேன். போத்தல் வெறுமையாக இருந்தது. பாதையில் மண் சரிந்து பஸ் இல்லை. சரிவு வரைக்கும் தோட்டத்து டிராக்டரில் போய், அதற்கப்பால் இராக்கம்மா பின்னால் வர, பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தேன். அதன் நெஞ்சு அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. மறுபக்கத்தில் ஒரு வான் கிடைத்தது. பதுளை ஆஸ்பத்திரி டொக்டரிடம் நடந்ததைத் தனியாக, மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாளில் இனிப் பயமில்லை என்றார்கள். ஐயா இல்லாட்டி எம்புள்ள இல்லிங்க என்று இராக்கம்மா என் காலில் விழப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை மகள். அழுகையும் வரவில்லை. கை இரண்டும் வேறு யாருடையதோ போல் இருந்தன.

சட்டைப்பையில் கல்குலேற்றரும் வந்திருந்தது. பதுளையில் மணிக்கூடு திருத்தும் ஜுனைதீன் நானாவிடம் காட்டினேன். திரையின் மூலையில் கே என்ற ஆங்கில எழுத்து நின்றது. பெருக்கல் பொத்தான் ஈரத்தில் ஒட்டி இரண்டு தரம் அமுங்கினால் முன்பு போட்ட இரண்டால் பெருக்கல் உள்ளேயே தங்கி, வரும் விடையையெல்லாம் இரட்டிப்பாக்கிவிடுமாம், அழிக்கும் பொத்தானும் வேலை செய்யவில்லையாம். பற்றறியைக் கழற்றி, பொத்தான்களை ஸ்பிரிட்டால் துடைத்து, பின்பக்கத்துச் சின்னத் துளையில் ஊசியால் அமுக்கி, இப்ப சரி, ஒரு கணக்கப் போட்டுப் பாருங்க என்றார். ஏழை எட்டால் பெருக்கினேன். பத்துத் தரம் போட்டேன், பத்துத் தரமும் ஐம்பத்தாறு. ஆனாலும் அதை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

அம்மா சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னா. நான் நேற்று லயத்துக்குப் போய், மருந்தைக் கூடக் கொடுத்தது நான்தான் என்று இராக்கம்மாவிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாமேய்யா என்றாள் அவள். இன்று காலை பிள்ளையைக் காட்ட வந்தாள். நான் மருந்து அளந்து முடியும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீயும் தாதி வேலை படிக்கிற பிள்ளை. எந்த அளவையும் ஒரு தரம் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

உன் அப்பா,
க. இளையதம்பி